கந்தோர் நாள் அடி

அழகுமுத்து அரசாங்க ஆபீசான குடியுரிமைக் கந்தோருக்குப் போகிற நாள், தேயிலைத் தோட்டத்துச் சனம் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் காலையிலேயே பக்கத்துக் காம்பராக்காரி ரஜனி வந்து, அவனுடைய மகள் ஜெயந்தினியைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். பெண்சாதி நாகலெட்சுமி அவனுடைய கவ்வாத்துக் கத்தியை எடுத்து விறகுக் கட்டுக்குள் செருகி ஒளித்துவிட்டுத்தான் கொழுந்துக் கூடையைத் தூக்குவாள். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்திக்கு மனுஷக் கழுத்தும் ஒன்றுதான். பொழுது சாய்வதற்குள் அவன் வெறுங்கையோடு திரும்பி வருவான். பிறகு நாகலெட்சுமிக்கு அடி விழும். அதற்குக் கந்தோர் நாள் அடி என்று லயத்தில் பெயரே வைத்துவிட்டார்கள். தீபாவளி, பொங்கலோடு அதையும் ஒரு நாளாகச் சேர்த்துக்கொண்ட லயம். வெட்கங்கெட்ட லயம்!

அழகுமுத்து கையை ஓங்கிக்கொண்டே பிறந்தவனில்லை. லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவனுடைய அப்பா நல்லமுத்து மரியாதையான ஆள். தோட்டத்துத் தமிழருக்கு எந்த நாட்டு உரிமையும் இல்லாத அந்தக் காலத்தில் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்கள் ஒரு பக்கம், இந்தியாவுக்குப் போட்டவர்கள் ஒரு பக்கம். நல்லமுத்து இந்தியாவுக்குப் போட்டார். குடும்பத்துக்குப் பாஸ்போர்ட்டும் வந்தது. பயணம் போகிறவர்கள் விருந்து வைத்துவிட்டுப் போவது தோட்டத்து வழக்கம். மனுஷன் ஆடறுத்து விருந்து வைத்தார். அண்டா, குடம், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் சொந்தபந்தத்துக்குப் பிரித்துக் கொடுத்தார். தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பேரையும் வெட்டிக்கொண்டார். கப்பலுக்கு நாள் குறிப்பதற்கு முன்னாலேயே இத்தனை அவசரம். பிறகு வடக்கில் சண்டை மூண்டு தலைமன்னாரில் கப்பல் நின்றுபோனது.

மாலை போட்டு, கட்டிப்பிடித்து அழுத சனங்களின் நடுவிலேயே அந்தக் குடும்பம் மறுபடி குடியிருக்க வேண்டியதாயிற்று. கொடுத்த அண்டாவைத் திருப்பிக் கேட்க எவனுக்கு வாய் வரும்? தண்ணீர் சுட வைக்க நல்லமுத்து தகரம் பொறுக்கினார். வெட்டின பேரை மறுபடி பதிய, தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களா வாசலில் மாதக்கணக்கில் நின்றார். தோட்டத்துப் பையன்கள் அழகுமுத்துவுக்குக் ‘கப்பல்’ என்று பட்டம் வைத்தார்கள். அப்படிக் கூப்பிட்ட ஒருவனுடைய முன்பல்லைக் கல்லால் தட்டி உதிர்த்தான் அவன். அதுதான் அவன் கை நீட்டிய முதல் தடவை.

நாகலெட்சுமி பூண்டுலோயாக்காரி. அவளுடைய அப்பா இலங்கைக்குப் போட்டவர். பதில் வராமலேயே செத்துப்போனார். ஆக, எந்த நாடும் ஏற்றுக்கொள்ளாத இரண்டு பேரைப் பிடித்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். ஆரம்பத்தில் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தலைக்கு அவன் தண்ணீர் ஊற்றிவிட்டதை லயமே பார்த்துச் சிரித்திருக்கிறது.

மகள் பிறந்த பிறகு அவன் கொழும்பில் கடை வேலை தேடிப் புறப்பட்டான். கினிகத்தேனையைத் தாண்டி ஓரிடத்தில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை கேட்டார்கள். நாடில்லாதவனுக்கு அட்டை ஏது? இவன் தன் பேரும் சேர்ந்திருந்த அப்பாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினான். தமிழன், அட்டை இல்லை, கையில் வேறு நாட்டுப் பாஸ்போர்ட். கேட்கவா வேண்டும்? துப்பாக்கிப் பின்கட்டையால் விலாவில் குத்தினார்கள். கீழே விழுந்தவனுடைய விரல்களைச் சப்பாத்துக் காலால் மிதித்து நசுக்கினார்கள். தோட்டத் தலைவர் வீரய்யா துரையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அலைந்து அவனை மீட்டுக்கொண்டு வந்தபோது மூத்திரத்தில் இரத்தம் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காயம் ஆறியதும் குடியுரிமை கேட்டுக் கந்தோருக்குப் போனான். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவன், சோற்றில் உப்பில்லை என்று தட்டைத் தூக்கி அவள் முகத்தில் அடித்தான். புருவம் கிழிந்தது. அன்றைக்கு அவள் அழுதுவிட்டு ரஜனியிடம் சொன்னாள்.

“அடிக்கிறது இவரு இல்லக்கா. அந்தக் கந்தோருதான் அடிக்குது. கார்டு வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்.”

அவன் அரசாங்கத்துக்காகக் காத்திருந்தான். அவள் அவன் காத்திருப்பு முடிவதற்காகக் காத்திருந்தாள். இப்படியே வருடங்கள் ஓடின. காது ஜவ்வு கிழிந்தது, ஒரு கர்ப்பம் கலைந்தது. அப்போதும் கார்டு வந்தால் சரியாகிவிடும் என்றுதான் சொன்னாள். அந்த மாதிரி ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

புதுச் சட்டம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். நாகலெட்சுமியைப் போல எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாதவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது. அவளுக்குப் பிரஜாவுரிமை வந்தது, பின்னாலேயே அடையாள அட்டையும் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கொழும்பிலிருந்து தனி முடிவு வர வேண்டுமாம். கந்தோரில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் இருந்தார். மரியாதையான மனுஷன்.

“உங்கட ஃபைல் கொழும்பில நிக்குது ஐயா. இஞ்ச நாங்கள் ஒண்டும் செய்யேலாது. பிறகு ஒருக்கா வாங்கோ” என்பார்.

அந்த ‘வாங்கோ’வை நம்பி அழகுமுத்துவும் போய்க்கொண்டே இருந்தான். வீட்டில் அடி இரட்டிப்பானது. இப்போது பரிகாசமும் சேர்ந்துகொண்டது.

“பிரஜையம்மா, இந்த நாடில்லாத நாய்க்குக் கொஞ்சம் சோறு போடுவீங்களா?” என்று கேட்டுவிட்டு, அவள் குனிந்து சோறு போடும்போது முதுகில் மிதிப்பான்.

மறுபடியும் சண்டை தொடங்கி, பாதைகளில் மறுபடியும் அட்டை கேட்க ஆரம்பித்த வருடம் அது. வழக்கம்போல ஒரு காலையில் அவன் கந்தோருக்குப் போனான். பழைய கிளாக்கர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவன், அப்படியொரு ஃபைலே இல்லை, முதலிலிருந்து மனுப் போடு என்று சொல்லிவிட்டான். அழகுமுத்து அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான். நாகலெட்சுமி பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தவன் அவளை அடிக்கவில்லை. நேரே சாமிப் படத்தின் பின்னால் கையை விட்டு அவளுடைய அட்டையை எடுத்தான்.

“என்னங்க செய்யிறீங்க?”

“அடுப்புல போடப் போறேன். நீயும் என்ன மாதிரியே இருடி.”

எத்தனையோ அடி வாங்கியிருக்கிறாள், ஒரு நாளும் கையைத் திருப்பி ஓங்கியதில்லை. ஆனால் அட்டையோடு அவன் அடுப்புக்குக் குனிந்ததும் அவளுக்கு வெறி வந்துவிட்டது. கையிலிருந்த இரும்பு ஊதுகுழலால் அவன் நெற்றியில் ஓங்கி ஒன்று வைத்தாள். இரத்தம் கண்ணில் வழிந்தது. மறுபடியும் வைத்தாள். அவன் அலறிக்கொண்டு அவளுடைய வலது கையைப் பிடித்து அடுப்புத் திட்டின் விளிம்பில் வைத்து, முழங்காலால் ஏறி அமுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும், பிடியை விட்டுவிட்டான். அவன் கை நழுவிச் சாம்பலில் கிடந்த அட்டையை அவள் இடது கையால் பொறுக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

பாதையில் தலைவர் வீரய்யா மறித்தார்.

“பொலிசுக்கா போற? ஒனக்கென்ன பைத்தியமா? வா, நான் பேசி முடிச்சு வைக்கிறேன். அவன்கிட்ட கார்டு இல்ல. இந்த நேரத்துல பிடிச்சுக்கிட்டுப் போனா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும் மாமா. அத நெனச்சுத்தான் இத்தன வருஷம் பேசாம இருந்தேன். இப்பக் கையே போச்சு. கொழுந்து எடுக்கிற கை மாமா இது. இனிமே அடுத்தது உசுருதான்.”

டவுன் பொலிசில் சார்ஜன்ட் முதலில் அட்டையைக் கேட்டார். இடது கையால் நீட்டினாள். சாம்பலைத் துடைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உட்கார் என்று கதிரையைக் காட்டினார். காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் அவளுக்குக் கதிரை கொடுத்தது அதுவே முதல் தடவை. இந்தச் சின்ன அட்டைக்கு இவ்வளவு மரியாதையா என்று அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவள் சொல்லச் சொல்ல முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். ஜீப் போய் அழகுமுத்துவை ஏற்றிக்கொண்டு வந்தது.

“ஐடென்டி கோ?” என்றார் சார்ஜன்ட். அட்டை எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

இல்லை என்று அவன் கையை விரித்தான். கன்னத்தில் அறை விழுந்தது. பொய் எதற்கு, அந்த முதல் அறையில் நாகலெட்சுமிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இரண்டாவது உதையிலும் குளிர்ந்தது. அவன் கீழே விழுந்த பிறகு தடிப் பொல்லை எடுத்தார்கள். எங்கே இருந்து வந்தாய், யார் அனுப்பினார்கள், அட்டை ஏன் இல்லை என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு கேள்வி. பெண்சாதி கையை ஏன் முறித்தாய் என்று மட்டும் ஒருவனும் கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவள் சொல்லி எழுதின முறைப்பாட்டுக்கு இங்கே யாரும் அவனை அடிக்கவில்லை.

எழுந்து போய் நடுவில் நின்றாள். ஓங்கிய பொல் அவள் தோளில் விழுந்தது. சந்தையில் கற்றுக்கொண்ட சிங்களத்தில் கத்தினாள்.

“மாத்தயா, என் கைய ஒடச்சதுக்கு அடிங்க, நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். கார்டு இல்லாததுக்கு அடிக்காதீங்க. அது இவரு செஞ்ச குத்தம் இல்ல. கேட்டுக் கேட்டு இந்த மனுஷன் மிருகமாப் போயிட்டாரு. அதுக்கு அடிக்கிறதுன்னா, குடுக்காதவங்களப் போயி அடிங்க!”

சார்ஜன்ட் பொல்லை இறக்கினார்.

“அப்படியென்றால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிறாயா?”

தரையில் கிடந்த அழகுமுத்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டுவாள் என்று முழுசாக நம்பிய பார்வை.

“இல்ல மாத்தயா. எழுதுனது எழுதுனதுதான். கோர்ட்டுக்கு வந்தும் சொல்லுவேன்.”

அவனைக் கம்பிக் கூட்டுக்குள் தள்ளிப் பூட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டுச் சீட்டு எழுதி அவளிடம் கொடுத்தார்கள். அவள் போகவில்லை. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பிக்கு நேரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அவன் பேசினான்.

“கை வீங்குதுடி. ஆஸ்பத்திரிக்குப் போ.”

“நான் போயிட்டா ஒங்ககிட்ட மறுபடி கார்டு கேப்பானுங்க.”