துணிப்பைப் பயறு

முளைகட்டிய பாசிப்பயறு இப்போது பெட்டியில் அடைத்தே விற்பனைக்கு வருகிறது. போன வாரம் ஒன்றை வாங்கி வந்து திறந்தேன். ஈரத்தாளும் பச்சை வாடையும் கலந்த அந்தப் பழைய மணம். என் கை தானாக முளைக்காத பயறுகளைப் பொறுக்கித் தனியே வைத்தது. ஒற்றை ஆளாகச் சாப்பிடுகிறவனுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் பேட்டையில் ஒரு விதைப் பரிசோதனை அறையில் எனக்குத் தற்காலிக வேலை. கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிகளுக்கும் முன்னால் நெல் மாதிரிகள் வந்து குவியும். மற்ற மாதங்களில் ஈ ஓட்டலாம். தச்சநல்லூரில் வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது சாய்ந்துவிடும். மற்ற நாட்களில், பரிசோதனை அறையைப் பெருக்க வரும் இசக்கியம்மாள் அக்கா பேசுவாள்.

அந்த ஈ ஓட்டும் மாதங்களில் நானாக ஒரு சோதனை தொடங்கினேன். ஒரே வயலில் விளைந்த பாசிப்பயறில் பாதியைத் தகர டப்பாவிலும் பாதியைத் துணிப்பையிலும் போட்டேன். மாதம் பிறந்தால் இரண்டிலிருந்தும் நூறு நூறாக எண்ணி ஈரத்தாளில் சுருட்டி வைப்பேன். நாளாக ஆக எத்தனை முளைக்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று கணக்குப் போடுவேன். யாரும் என்னைக் கேட்காத கேள்வி. சுவரில் ஒட்டிய வரைபடத்தில் இரண்டு கோடுகளும் இறங்கின. துணிப்பைக் கோடு வேகமாக இறங்கிப் பாதிக்கு வந்துவிட்டது.

ஆடியில் அது துள்ளிக் குதித்து, தகர டப்பாவையே தாண்டி மேலே போனது. தற்செயல் இல்லை என்று கணக்கு அடித்துச் சொன்னது. கிழட்டு விதைக்கு இளமை திரும்பும் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு நாள் முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்தேன்.

மறுநாள் இசக்கியம்மாளிடம் கேட்டேன்: "அக்கா, இந்தப் பையை யாரும் தொட்டாங்களா?"

"நாந்தான் எடுத்தேன் தம்பி. அம்மன் கொடைக்கு முளைப்பாரி போடணும்லா."

"பையோடயா?"

"பதறாதீய. எடுத்த அளவுக்குக் கடையில புதுசு வாங்கி ரொப்பிட்டேன். டப்பால உள்ளதத்தான் எடுக்கலாம்னு பாத்தேன், சனியன் மூடி தொறக்க வரல."

"கடைப் பயறையே போட்டிருக்கலாம்லா?"

"அது எப்படிப்பட்டதோ! தம்பி மாசாமாசம் எண்ணி எண்ணி வச்சதுல்லா இது. பொய்க்குமா?" பெருக்குவதை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "மக உண்டாயிருக்கா. முந்தின ரெண்டும் தங்கல. முளைப்பாரி நெறஞ்சி வந்துட்டா இது தங்கும்."

எண்ணி எண்ணி நான் கண்டதே அந்தப் பயறில் பாதி செத்துவிட்டது என்பதைத்தான். விதை போட்டாகிவிட்டது. அவர்கள் தெருவில் சட்டிகள் இருட்டு வீட்டுக்குள் இருக்கும். ஒருத்தி மட்டும் போய்த் தண்ணீர் தெளிப்பாள். மற்றவர்கள் கொடைத் திருவிழாவன்றுதான் பார்ப்பார்கள். கொடை என்றைக்கு என்று மட்டும் கேட்டுவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் தெருமுனையில் போய் நின்றேன். பெண்கள் வரிசையாகச் சட்டி சுமந்து வந்தார்கள். எங்கே சொட்டை விழுந்த சட்டி என்று தேடினேன். அவள் தலைமேல் வெளிர்மஞ்சள் முளைகள் இடைவெளியில்லாமல் ஆடின.

"ஏளா, இந்தத் தம்பி எண்ணிக் கொடுத்த பயறாக்கும்!" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

"எவ்வளவு போட்டீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஒரு பங்குதான். நான் மகளுக்கு ஒண்ணு, வரப்போறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பங்கா அள்ளித் தூவிட்டேன்."

அன்று அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. தை மாதம் பேத்தி பிறந்தாள்.

என் சோதனை அத்தோடு முடிந்தது. அந்த வேலையும் அடுத்த ஆண்டு போனது. பரிசோதனை அறை இருந்த இடத்தில் இன்று டைல்ஸ் கடை. இசக்கியம்மாள் இறந்த செய்தி ஓராண்டு கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. இப்போதும் சமையலறையில் ஒரு துணிப்பையில் பாசிப்பயறு தொங்குகிறது. நான் வைத்த அளவு அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்காமல் அதில் கைவைக்க யாருமில்லை.