பூட்டிய விடுதியில் பன்னிரண்டு லிட்டர் எண்ணெய்

"சுற்றுச்சூழலை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஆலைக்காரர்களும் விடுதிக்காரர்களும் சான்றிதழ் வாங்க வழி சொல்வது என் தொழில். ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள்தான் எல்லாருக்கும் நம் ஞாபகம் வரும். இதே பிழைப்பில் கிடந்து அல்லாடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். உங்கள் ஊரிலும் ஒரு செல்வின் இருப்பான். தென்காசியில் என் ஆபீஸுக்கு எதிர்மாடியிலேயே இருக்கிறான். என்னைவிட எட்டு வயசு இளையவன், அதே தொழில், எப்போதும் வாசலில் நாலு பேர் செருப்பு.

இளநீர்

வடகரையில் ஓர் அரிசி ஆலை. உமிச் சாம்பல் எங்கே போகிறது, யார் அள்ளுகிறார்கள் என்று கணுக்கால் புதையச் சாம்பலில் நின்று மூணு நாள் எழுதினேன். முதலாளி அண்ணாச்சி ஒரு நாற்காலிகூடப் போடச் சொல்லவில்லை. நாலாம் நாள் செல்வின் சும்மா எட்டிப் பார்த்தான். அவனுக்கு இளநீர் வந்தது, வழுக்கை சுரண்ட ஸ்பூனோடு. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

"செல்வின் சார் நாலு தாள்ல முடிச்சிருவாரு. நீங்க என்னம்மா, சாம்பலைக் கிளறிக்கிட்டே இருக்கிய?" என்றார் அண்ணாச்சி.

ஒரே பேனா

அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். ஆய்க்குடியில் ஒரு ஹோட்டல். பாத்திரம் கழுவுகிற தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கிற தொட்டி இருந்தது. மாசாமாசம் எடுத்த எண்ணெயை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஒருத்தரும் எழுதவில்லை. வழக்கமாக நான் சண்டை போட்டு, அளக்க வைத்து, அப்புறம்தான் ஆடிட்டரைக் கூப்பிடுவேன். அன்றைக்கு, அவன் வேகம் நமக்கு வராதாக்கும் என்று ஒரு வருஷத்தையும் ஒரே உட்காரலில் நானே எழுதினேன். மாசம் பன்னிரண்டு லிட்டர். ஆடிட்டர் டிக் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஹோட்டல் முதலாளி என்னைப் பாராட்டுகிறாராம்: "இப்பம்தாம்மா நீங்க செல்வின் சார் மாதிரி வேலை பாக்கிய."

பயம்

அப்புறம் ஐந்தருவி ரோட்டில் ஒரு பெரிய விடுதி. அது கிடைத்தால் குற்றாலத்து மற்ற விடுதிக்காரர்கள் தானாக வருவார்கள். கிடைக்காவிட்டால் ஆபீஸை மூடிவிட்டு மதுரையில் எவனிடமாவது சம்பளத்துக்குப் போகணும். நானும் செல்வினும் கேட்டோம். அவனுக்குப் போச்சு. ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. என்ன குறை கண்டீர்கள் என்று மேனேஜரிடம் வாய்விட்டே கேட்டேன்.

"நீங்க ரொம்ப நேர்மையாம்லா. எங்களுக்குப் பயமா இருக்கும்மா."

மார்ச் மாசம்

ஆடிட் அன்று மத்தியானம் அதே மேனேஜர் போனில் அலறினார். மார்ச்சில் அருவியில் தண்ணீர் இல்லை என்று விடுதியைப் பூட்டி வெள்ளையடித்திருக்கிறார்கள். செல்வின் எழுதின பதிவேட்டிலோ அந்த மாசமும் எண்ணெய் எடுத்ததாக இருக்கிறது. பூட்டின சமையற்கட்டில் வடை சுட்டது யார் என்று கேட்ட ஆடிட்டர், சான்றிதழ் கிடையாது என்று கிளம்பிவிட்டார். இனி வேலை என்னுடையதாம், உடனே வரணுமாம். பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். நல்லா வேணும் பயலுக்கு!

விடுதிப் படியில் முகம் செத்து உட்கார்ந்திருந்தான் செல்வின். பதிவேட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். மாசம் பன்னிரண்டு லிட்டர். பன்னிரண்டு மாசமும். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"ஆய்க்குடி ஹோட்டல்ல உங்க பதிவேட்டை வாங்கி, பாத்து எழுதுனேன்க்கா. சாம்பல்ல நின்னு அளக்குற ஆளு நீங்க. அந்தப் பொறுமை நமக்கு வரலையேன்னு உங்க மேல எனக்குப் பொறாமைதான். நீங்க எழுதுனது பொய்யா இருக்காதுன்னு நம்பிட்டேன்க்கா."

அந்த விடுதி இப்போது என்னிடம்தான் இருக்கிறது, மாசாமாசம் நானே குனிந்து அளக்கிறேன், பன்னிரண்டு லிட்டர் ஒரு மாசமும் வந்ததில்லை.