மேவிஸ் போர்த்திய துணி

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் கரும்புக்காட்டில் வெட்டி வெட்டியே மாண்டவர் மேவிஸின் தாத்தா கலோ. கப்பலில் ஏற்றி வந்த வெள்ளைக்காரனுக்கு ஆளின் பேரைக் கேட்கக்கூடச் சோம்பல். அவர் பிறந்த டங்கோவாத் தீவின் பேரையே குடும்பப் பேராக ஒட்டிவிட்டான். அதையாவது மேவிஸ் பொறுத்துக்கொண்டாள். தீவுக் கூலிகளுக்கு வெள்ளைக்காரன் வைத்த 'கனாக்கா' என்ற வசவை மட்டும் அவளால் விழுங்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிச் சலவையறையில் அப்படிக் கூப்பிட்ட மேஸ்திரியின் மூஞ்சியில் ஈரப் போர்வையை விட்டெறிந்து, அன்றே வேலையையும் இழந்தவள் அவள்.

இப்போது கலோவைப் புதைத்த இடத்தில் ஊர் வரலாற்றுச் சங்கத்தார் கல் நட்டிருக்கிறார்கள். 'கனாக்காக்களின் இடுகாடு.' ஒரு பேர்கூட இல்லை. என்ன கொழுப்பு பாருங்கள்!

மேவிஸின் மருமகள் ஓடில், நியூ கலிடோனியா என்ற பக்கத்துத் தீவுக்காரி. செய்தி கேட்டதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அதே வார்த்தையத்தான் கனாக்குன்னு எங்க ஊர்ல நாங்களே நெஞ்ச நிமித்திச் சொல்லிக்குவோம், அத்தை. அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிறீங்க?"

மேவிஸுக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்களா எடுத்து வச்சுக்கிட்டீங்க. எங்களுக்கு அவன் வச்சான்டி!"

ஓடில் உள்ளே போய் ஒரு பூப்போட்ட துணியைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் விரித்தாள். ஓடிலின் ஊர் வழக்கம் அது. அடுத்தவர் இடத்தில் வாய் திறக்குமுன் துணி வைத்து அனுமதி கேட்க வேண்டும்.

"கேக்காமப் பேசிட்டேன் அத்தை. மன்னிச்சுக்கோங்க."

மேவிஸ் அழுதுவிட்டாள். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் எவனாவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறானா? அழுகை நின்றதும் கோபம் இரட்டிப்பானது.

திறப்பு விழாவன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அதே துணியைக் கல்லின்மேல் போர்த்தினாள். சங்கத் தலைவர் பதறி ஓடிவந்தார்.

"அம்மா, ஹவாய்க்காரங்க பாஷையில அதுக்கு மனுஷன்னுதாங்க அர்த்தம். அங்கிருந்துதான் மாலுமிங்க வாய் வழியா எல்லாத் தீவுக்கும் வந்துச்சு. மரியாதையான வார்த்தைம்மா."

"அப்படியா ராசா? மனுஷன்னா அவனுக்குன்னு ஒரு பேர் இருக்குமே. எங்க அது?"

"பழைய பதிவு எதுவும் கிடைக்கலைங்க."

"நான் இங்கதானே கிடக்கேன்! எங்கிட்டக் கேட்டியா?"

அவர் துணியை எடுக்கக் கை நீட்டினார். ஓடில் குறுக்கே வந்து நின்றாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"சரி... அவர் பேரு என்னம்மா?"

"கலோ," என்றாள் மேவிஸ், எல்லோருக்கும் கேட்கும்படி. "போய் ஆளைக் கூட்டியாந்து அதைக் கல்லுல வெட்டு. அப்புறம் துணிய எடுக்கிறேன்."