வட்டத்துக்கு வெளியே

அளவுக்காரிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பஸ் வந்துவிட்டது என்று ஊரே ஓடினாலும், அவள் போர்டைப் படித்துவிட்டுத்தான் ஏறுவாள். அப்படிப்பட்டவளைத்தான் கார்பன் திட்டத்து ஆபீஸ் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்திருந்தது. காட்டில் மாதிரிக்காகக் குறித்த நாற்பது வட்டங்கள். வட்டத்துக்குள் இருக்கும் மரங்களுக்கு மட்டும் நெஞ்சுயரத்தில் வெள்ளைக் கோடு. வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கோட்டில் நாடாவைச் சுற்றி அளப்பாள். அதை வைத்து, மொத்தக் காடும் எவ்வளவு கார்பனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று ஆபீஸ் சொல்லிவிடும். பெயின்ட் டப்பாவோடு பின்னால் வருவது அவள் கணவர்.

ஒன்பது வருஷமாக வட்டத்துக்குள் ஒரு மரம்கூட வெட்டுப்படவில்லை. ஆபீஸ் பாராட்டியது, அவளுக்கு உறுத்தியது. மரக்கடைகளில் கட்டை மலையாகக் கிடக்கிறதே, அதெல்லாம் வானத்திலிருந்தா குதித்தது?

ஒருநாள் வட்டத்தைத் தாண்டி அறுபது அடி நடந்து சருகைக் காலால் தள்ளினாள். வெட்டிய அடிமரம். பக்கத்தில் இன்னொன்று. முப்பத்தேழு எண்ணிவிட்டுப் பின்னால் வந்த கணவரிடம் திரும்பினாள்.

"கோடு போட்டதை மட்டும் விட்டிருக்காங்க. யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தான்," என்றார் கணவர். "ஒரு மரம் குறைஞ்சாலும் உன் தலையைத்தானே உருட்டுவாங்க? அதான் வெட்டுறவங்ககிட்ட சொல்லி வச்சேன்."

ஊரையே சந்தேகப்பட்டவள், இவரை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

மேலாளரிடம் அடிமரங்களைப் பற்றிச் சொன்னாள். "வட்டத்துக்கு வெளிய வனத்துறை பாத்துக்கும்மா." வனத்துறையோ, திட்டம் வந்த பிறகு காடு ஆபீஸ் பொறுப்பு என்று கைகழுவியது.

அடுத்த மாதம் தணிக்கையாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். கணவர் அவள் காதோரம், "வாயைத் திறக்காத. நான்தான் உள்ள போவேன்," என்றார். அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் பேசாமல் இருந்தால் அந்த முப்பத்தேழு மரமும் தன் அளவின் பேரில் காகிதத்தில் நின்றுகொண்டே இருக்குமே என்று நினைத்தபோது ஆத்திரமாக வந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி வந்து பாருங்க," என்று கூட்டிப்போய்க் காட்டினாள். "வெட்டுறவங்களுக்குக் கோட்டைப் பத்திச் சொல்லி வச்சது என் வீட்டுக்காரர்தான்."

தணிக்கையாளர் அடிமரங்களைப் பார்த்தார். படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதுல வட்டத்துக்குள்ள மட்டும்தாம்மா கேட்டிருக்காங்க. நீங்க சொல்றதை நான் எங்க எழுதுறது?" எல்லாம் சரி என்று டிக் அடித்துவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் சொன்னது முழுக்க அவர் காதில் விழுந்திருந்தது. டப்பாவை அவள் காலடியில் வைத்துவிட்டு, அவளுக்காக நிற்காமல் வீட்டுக்கு நடந்தார்.