பதின்மூன்று ஜிபி கல்யாணம்

மரக்காணத்தில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் கல்யாண கேசட்டுகளுக்கு மிக்சிங் செய்துவந்தாள் சத்யப்ரியா. கிளியனூர்க்காரி, இருபத்துமூன்று வயது. சுனாமி வந்து ஐந்து மாதம் கழிந்த ஒரு வைகாசிக் காலையில் அவள் புதிய கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போனபோது, டிஸ்க்கில் இடமில்லை என்று திரையில் வந்தது.

“மத்தியானம் பார்ட்டி வர்றாங்கம்மா. எதையாவது தூக்கிட்டு எடம் பண்ணு,” என்றார் முதலாளி தட்சணாமூர்த்தி.

ஒவ்வொரு ஃபோல்டராக அளவு பார்த்தாள். எல்லாம் கூட்டியும் இருபத்தைந்து ஜிபிதான் வந்தது. டிஸ்க்கோ நாற்பது. மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டும்படி மாற்றிவிட்டு மறுபடி தேடினாள். மிக்சிங் சாஃப்ட்வேர் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்த ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல், பதின்மூன்று ஜிபி. போன டிசம்பரில் ஏற்றும்போது கரண்ட் போய்ப் பாதியில் நின்ற பதிவு அது.

திறந்து பார்த்தாள். அனுமந்தை மீனவர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அசோகன், பெண் அஞ்சலாட்சி. தாலி ஏறிய பதினாலாம் நாள் அஞ்சலாட்சியைக் கடல் கொண்டுபோனது. வாங்கிப்போன சிடியும் வீட்டோடு போய்விட, தை மாதத்தில் அசோகன் ஸ்டுடியோவுக்கு வந்து கேட்டான். “ஒண்ணும் இல்லீங்கண்ணா, அந்த கேசட்டு மேல வேற கல்யாணம் எடுத்துட்டாங்க,” என்று அவனைத் திருப்பி அனுப்பியவள் சத்யப்ரியாதான். அன்றைக்குப் பத்து நிமிடம்கூட அவள் தேடவில்லை.

“சார், இத மட்டும் அழிச்சிடாதீங்க. அவர கூட்டிட்டு வந்துடறேன்.”

“மத்ததெல்லாம் இன்னும் குடுக்காத வேலை. இதச் சுருக்கி சிடியில போடறதுக்குக்கூட டிஸ்க்குல எடம் வேணும். எங்கம்மா எடம்?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, சீக்கிரம் வா,” என்றார்.

பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றாள். அனுமந்தையில் தார்ஷீட் போட்ட தற்காலிகக் குடியிருப்பில் அசோகன் இல்லை; கரைக்குப் போய்த் தேடிப் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவன் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான்.

“அதுல அவ பேசறாளா?”

“பேசறாங்கண்ணா.”

“இந்தத் துணியோட வர முடியாது. நாளைக்குக் காலையில வர்றேன்.”

இன்றைக்கே வாருங்கள் என்று வற்புறுத்த மனமில்லாமல் அவள் ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது மணி மூன்று. திரையில் வேறு யாருடைய கல்யாணமோ ஏறிக்கொண்டிருந்தது.

“எவ்ளோ நேரம்மா பாக்கறது? பார்ட்டி வந்து உக்காந்துட்டாங்க,” என்றார் தட்சணாமூர்த்தி, அவளைப் பார்க்காமல்.

அழிந்த ஃபைலை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை எதிரில் இருந்த கடையில் வாங்கிவந்து போட்டுப் பார்த்தாள். அந்த இடத்தின் மேல் புதுக் கல்யாணம் எழுதப்பட்டிருந்தது. மீட்ட ஃபைலைத் திறந்தால் பச்சைக் கோடுகள்தான் வந்தன.

மறுநாள் அசோகன் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி வந்தான். ஃபைல் அழிந்துபோனதை அவள் சொன்னாள். அவன் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“நீங்க பாத்தீங்க இல்ல? என்ன பேசுனா?”

“மாலை கழுத்துல குத்துதுன்னு சொன்னாங்க. அப்புறம் தண்ணி கேட்டாங்க.”

“யாருகிட்ட கேட்டா?”

“தெரியலண்ணா. அதுக்குள்ள நிறுத்திட்டேன்.”

“என்கிட்டதான் கேட்டிருப்பா. எனக்குத்தான் ஞாபகமில்ல,” என்றான். எழுந்து போனான்.

சத்யப்ரியா மேலும் ஒரு வருடம் அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்தாள். அதற்குப் பிறகு அசோகன் வரவில்லை.