கடலுக்கு மடை திறந்த அமாவாசை

புரட்டாசி அமாவாசையன்று விடியற்காலை நாலரை மணிக்கு நீடாமங்கலத்தில் பஸ் ஏறினோம். எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர். மன்னார்குடியில் மாறி முத்துப்பேட்டைக்கு ஆளுக்குப் பதினாலு ரூபாய். அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லை, குறுவையும் இல்லை. பாலத்தைத் தாண்டும்போது எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஆற்றில் வெறும் மணல்.

"காவேரி வரலன்னா என்னா இப்ப? நாம கடலையே கொண்டாரப் போறோம்" என்றாள் என் நாத்தனார் மகள் ராசாத்தி. அப்புறம்தான் சிரிப்பு வந்தது.

அவள் சொன்னது உண்மை. முத்துப்பேட்டைக்குத் தெற்கே அலையாத்திக் காடு அழிந்து, உப்புப் பூத்துக் கிடந்தது ஒரு பொட்டல். சென்னைக் கம்பெனி ஒன்று பணம் கொடுக்க, இரண்டு மாதமாக அங்கே நாங்கள் வாய்க்கால் வெட்டினோம். மீன் முள் மாதிரி நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் கிளைகள். அமாவாசை ஓதத்தில் கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்தால் விதை பிழைக்கும், காடு திரும்பும். வாய்க்கால் தலைப்பில் தண்ணீரை மறித்து விட்டிருந்த மண்கரையை வெட்டித் திறப்பது ஒன்றுதான் பாக்கி.

ஏழரை மணிக்கு ஜாம்புவானோடைத் துறையில் காதர் பாய் படகு. கோரையாற்றில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். எனக்குத் தண்ணீர் பயம். விதைச் சாக்கை மடியில் இறுக்கிக்கொண்டு கரையையே பார்த்திருந்தேன். இரண்டு பக்கமும் பச்சைச் சுவர், அதில் வெள்ளை வெள்ளையாகக் கொக்கு. சாக்கிலிருந்த விதைகள் முளைவிடத் தொடங்கியிருந்தன. நாள் போனால் வாடிவிடும்.

இறங்கிய இடத்தில், சேற்று நடுவே, கம்பெனி பெயர்ப்பலகை பளபளவென்று நின்றது.

"இத யாரு பாய் படிப்பா, கொக்கா?" என்றாள் ராசாத்தி.

"யாரு வூட்டு மீனத் திங்கிறோம்னு அதுக்கும் தெரியணுமுல்ல?" என்றார் பாய்.

ஒன்பது மணிக்குக் கம்பெனி மேனேஜர் வந்து, ரிப்பன் கட்டிய புது மண்வெட்டியால் முதல் வெட்டு வெட்டுவதாக ஏற்பாடு. பத்தாயிற்று, அவர் படகைக் காணோம். தண்ணீர் மண்கரையின் விளிம்பு வரை ஏறி நின்றது.

"ஓதம் நின்னு போச்சு மேடம். இனிமே வத்திடும்" என்றார் பாய்.

வேலையை நடத்தும் தீபா மேடம் சின்ன வயசுப் பெண். அவர் முகம் சுண்டிவிட்டது. "அவர் இல்லாம வெட்டுனா அடுத்த வருஷப் பணம் நின்னுடலாம். வெட்டலைன்னா விதை போயிடும். நீங்க சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. ஊரில் மடை திறப்பது மிராசுதார் ஆள். கூலி நெல் அரைப்படி கூடக் கேட்ட வருடம் எங்கள் தெருவுக்கு வரும் மடையை அடைத்துவிட்டு, அதன்மேல் தடியோடு உட்கார்ந்திருந்தார்கள். மடையில் கை வைக்கிற பயம் அன்றைக்கே உடம்பில் ஏறிவிட்டது. எல்லோரும் குனிந்து சேற்றைப் பார்த்தார்கள்.

கூட்டத்தில் நான் பேசமாட்டேன். என் பழைய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மண்கரையில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

"அத்தை!" என்று ராசாத்தி கத்தினாள்.

"வெட்டுங்கம்மா!" என்றார் மேடம்.

மூன்றாம் வெட்டில் கரை உடைந்தது. நுரையும் சருகும் மடவை மீன் குஞ்சுமாகக் கடல் என் முழங்காலை இடித்துக்கொண்டு உள்ளே ஓடியது. நாங்களும் குலவையிட்டுக்கொண்டே கூட ஓடினோம். வெடித்துக் கிடந்த மண் மடமடவென்று குடித்தது. கடைசிக் கிளையின் கடைசி முனை வரை தண்ணீர்!

பதினொரு மணிக்கு மேனேஜர் வந்தார். படகு சேற்றில் தட்டியதாம். தொடை வரை சேறு, கையில் பூட்ஸ். மேடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மேனேஜர் காதில் வாங்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு எதாச்சும் மிச்சம் வெச்சிருக்கீங்களா?"

ராசாத்தி ஒரு கை விதையை நீட்டினாள். "நடுங்க சார். தலைகீழா நட்டுடாதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து நட்டார். போட்டோ எடுக்கும்போது ரிப்பன் மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். "வெட்டுனவங்க வெச்சுக்கட்டும். அடுத்த வருஷம் அந்தாண்டப் பொட்டலையும் வெட்டணும்ல?"

பொழுது சாயும்போது நீடாமங்கலத்தில் இறங்கி நடந்தோம். எங்கள் வாய்க்கால் காய்ந்தே கிடந்தது. தோளிலிருந்த ரிப்பன் மண்வெட்டியை எங்கள் தெரு மடையில் சாய்த்துவிட்டு, மடைமேலேயே உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த கடல் சேற்றைச் சுரண்டினேன். மிராசுதார் வீட்டு ஆள் சைக்கிளில் போனான். ரிப்பனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் எழுந்திருக்கவில்லை.