சாருக்குப் பின்னால் நடப்பது

நாகர்கோவிலில் நான் படித்த கல்லூரியில் பெண் பிள்ளைகள் தாங்களாக வகுப்புக்குள் போகக் கூடாது. மணி அடித்ததும் லேடீஸ் ரூம் வாசலில் காத்திருப்போம். பாடம் எடுக்க வேண்டிய சார் அந்த வழியாக வருவார். அவர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு போய் முன் பெஞ்சில் உட்காருவோம். முடிந்ததும் அவர் பின்னாலேயே திரும்புவோம். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நூலகத்துக்குள்ளும் நாங்கள் காலை வைக்க முடியாது. புத்தகத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பியூனிடம் கொடுக்க வேண்டும். பையன்கள் எடுத்ததுபோக மிஞ்சியது வரும். பொருளாதாரப் புத்தகம் கேட்டால், பாடத்திட்டத்திலிருந்து என்றோ தூக்கியெறிந்த ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவார். அதை வைத்துக்கொண்டு பி.ஏ. பரீட்சை எழுத வேண்டும். தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருஷம் இளம் விரிவுரையாளர் ஒருவர் வந்தார். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்துதான் கல்லூரியை நடத்த வேண்டும் என்று மேடையில் முழங்கினார். முழங்கியதோடு நிற்காமல் ஒரு கூட்டுக் குழுவையும் உண்டாக்கினார். பெண்கள் சார்பில் நான். முதல் கூட்டத்திலேயே நூலக விஷயத்தைப் பேச வேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.

"தாராளமா பேசு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். நம்பினேன்.

கூட்டத்தன்று லேடீஸ் ரூமில், பேச வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. கூடப் படித்தவள் பொறுமையிழந்துவிட்டாள்.

"ஏட்டி, வடசேரிக்கு நடக்கதுக்குள்ள பஸ்ஸு போயிரும். வாறியா இல்லியா?"

போனோம்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் குழுவின் தீர்மானத்தை ஒட்டியிருந்தார்கள். நூலகத்தில் பழைய ஏற்பாடே தொடருமாம். மாணவிகள் தரப்பில் ஆட்சேபணை எதுவும் வரவில்லையாம்.

வராந்தாவில் அந்த விரிவுரையாளரை மறித்துக் கேட்டேன்.

"நீதான் வரல்லியே" என்றார்.

"நீங்க கூப்பிட வருவீங்கன்னு இருந்தேன், சார்."

"மறந்துட்டேன். அதுக்கென்ன, நேரே வந்திருக்கலாமே? இதுக்கும் ஒரு ஆளு வரணுமா?"

தானாக நடந்து வரக் கூடாது என்று சட்டம் போட்டவர்களும் இவர்கள்தான், ஏன் நடந்து வரவில்லை என்று கேட்பவர்களும் இவர்கள்தான்.

அடுத்த மணி அவருடைய வகுப்பு. நான் யாருக்கும் காத்திருக்காமல் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். மற்றப் பெண்கள் பின்தொடர உள்ளே வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

"வெளியே போ. எல்லாரும் வாற மாதிரி வா."

வெளியே போனேன். அங்கிருந்து நேரே நூலகத்துக்கு நடந்தேன்.

"ஆரு கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார் வாசலில் இருந்தவர்.

"ஆரும் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எனக்கு வேண்டிய புத்தகம் அலமாரியில் சும்மாதான் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் முதல் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது.

அன்று மத்தியானமே கூட்டுக் குழு கூடியது, என்னை விசாரிக்க. கூட்டிக்கொண்டு போக அந்த விரிவுரையாளரே லேடீஸ் ரூம் வாசலில் வந்து நின்றார்.